ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் பேச்சு

"டிஸ்க் சரியில்ல ரோசலின். நவமணிகிட்ட காட்டிட்டு வந்துடுறேன்" என்று என் புருஷன் மறுபடியும் சட்டையை மாட்டினார். அந்த வாரம் இவர் அவள் கடைக்குப் போகாத நாள் எது என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு மூக்கு வியர்த்தது.

நவமணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பர்மா ரோட்டில் சினிமா லேசர் டிஸ்க் வாடகைக்கு விடும் கடை வைத்திருப்பவள். தோசைக்கல் அளவு தட்டுகள், சுவர் முழுக்க அடுக்கியிருக்கும். புருஷனுக்குச் சிங்கப்பூரில் வேலை. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். குழி விழுவது குற்றமா என்றால் குற்றமில்லை. ஆனால் கட்டியவள் அதையும் கவனித்துத்தான் வைக்க வேண்டும்.

இவர் அக்கரையில், ஜுருவில் தகரம் அடிக்கும் ஃபேக்டரியில் மெஷின் ஓட்டுகிறார். காலை ஷிஃப்ட் முடிந்து, பஸ்ஸில் கடல் பாலம் தாண்டி, ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும் நேரத்தில் நான் ஹாலில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன். அதனால் மூலையில் உட்கார்ந்து ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு படம் பார்ப்பார். பிளேயர் யாரோ கூட்டாளி தள்ளிவிட்ட பழசு.

அதெல்லாம் போகட்டும். என் வயிற்றெரிச்சல் வேறு. பல மாதங்களாக, போறேன் வரேன் என்பதைத் தவிர இவர் என்னோடு பேசுவதில்லை. சண்டை போட்டுப் பேசாமல் இருந்தால் மனசு ஆறும். சண்டையே இல்லை. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார்ந்து "மீன் உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டால், தட்டைப் பார்த்தபடி தின்றுகொண்டிருப்பார். வாயில் என்ன கொழுக்கட்டையா? போன் வந்தால் மட்டும் கலகலவென்று சிரிப்பார். ஒருநாள் படுத்த பிறகு, மனசைக் கல்லாக்கிக்கொண்டு மெல்லக் கேட்டே விட்டேன். "வேற யாராச்சும் இருக்காளா? இருந்தா சொல்லிடுங்க. நான் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துப் பொழச்சுக்குவேன்." இவர் பெருமூச்சு விட்டார். புரண்டு படுத்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது டிஸ்க். முன்னால் போய் நின்று, "அப்படி என்னங்க அதுல கோளாறு?" என்றேன்.

"படம் ஓடுது, சத்தம் இல்ல. துப்பாக்கி சுடறான், ஒண்ணும் கேக்கல. எவனோ ஒரு வெள்ளக்காரன் மட்டும் பேசிக்கிட்டே இருக்கான். நடுவுல சிரிக்கிறான் வேற. தியேட்டர்ல திருட்டுத்தனமா எடுத்த காப்பி போல. பக்கத்து சீட்டுக்காரன் பேச்சு விழுந்திருக்கு."

திருட்டு வீடியோவில் முன்சீட்டுக்காரன் தலையையும் பின்சீட்டுக்காரன் இருமலையும் கண்டு பழகிய ஊர்தான் இது. ஆனால் பேச்சு மட்டும் விழுந்து, துப்பாக்கி விழாத காப்பியை நான் கேள்விப்பட்டதில்லை. யாரிடம் கதை விடுகிறார்?

"நவமணி என்ன சொல்றா?"

"அவ போட்டா எல்லாம் கேக்குதாம். இன்னிக்கு அங்கயே போட்டுக் காட்டச் சொல்லப் போறேன்."

இவருக்குக் கேட்காதாம், அவளுக்குக் கேட்குமாம். நல்ல ஏற்பாடு. "நானும் வரேன்" என்று சொல்லிவிட்டு முகம் மாறுகிறதா என்று பார்த்தேன். "வா லா" என்றார் சாதாரணமாக. அந்தச் சாதாரணமும் எனக்குப் பிடிக்கவில்லை. டியூஷன் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மோட்டார் சைக்கிளில் இவர் பின்னால் ஏறினேன். அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்ன கேட்கலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

"வாங்கக்கா" என்று நவமணி எனக்கு நாற்காலி போட்டாள். இந்த மரியாதைக்கெல்லாம் மயங்குகிறவள் நான் இல்லை. இரண்டு பேர் கண்ணும் சந்திக்கிறதா என்றுதான் பார்த்தேன். சந்தித்தது. முறைப்பாகச் சந்தித்தது.

"வின்சென்ட் அண்ணே, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு லா. நீங்க கீறி வச்சிட்டு என் தலையில கட்டப் பாக்கிறீங்களோன்னு எனக்குச் சந்தேகம்" என்றாள்.

"நான் ஏம்மா கீறப் போறேன்? நீதான் ஓட்டை டிஸ்க்க என்கிட்ட தள்ளுற."

ஆசை வைத்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். ஆனால் நான் வந்திருப்பதற்காக நடிக்கலாமே.

நவமணி தட்டைக் கடை மெஷினில் போட்டு ஹெட்ஃபோனை நீட்டினாள். இவர் மாட்டிக்கொண்டார். "பாரு, அதே ஆள். அதே பேச்சு." அவள் வாங்கி மாட்டினாள். "எனக்கு ரெண்டும் கேக்குதே." "பொய் சொல்லாத." "யாருண்ணே பொய் சொல்றது?"

"இப்படிக் குடுங்க" என்று நான் பிடுங்கினேன். "யாரு பொய்யின்னு நான் சொல்றேன்."

மாட்டினேன். இடது காதில் படம் முழுச் சத்தத்தோடு ஓடியது. மழை, கார், துப்பாக்கி எல்லாம் இருந்தது. வலது காதில் ஒரு ஆள் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த மழை குழாய்த் தண்ணீராம், கதாநாயகிக்கு அன்றைக்குக் காய்ச்சலாம்.

"யாரும்மா இது?"

"படத்தோட டைரக்டர், அக்கா. நேத்துதான் அட்டைய முழுசாப் படிச்சேன். எப்படி எடுத்தேன்னு அவரே கூட உக்காந்து சொல்ற மாதிரி வச்சிருக்காங்க. கரோக்கே டிஸ்க்ல ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் வெறும் மியூசிக் வருமே, அந்த மாதிரி. இந்தப் பழைய மெஷின்ல ரெண்டும் சேந்துதான் வரும். அண்ணனுக்கு மட்டும் ஏன் படம் வரலன்னுதான் எனக்குப் புரியல."

இடது பக்கம் படம். வலது பக்கம் பேச்சு. இவருக்குப் பேச்சு மட்டும். ஹெட்ஃபோனைக் கழற்றி, பக்கம் மாற்றி, இவர் தலையில் நானே மாட்டினேன்.

"இப்ப?"

முகம் மலர்ந்தது. "ஆ, இப்ப துப்பாக்கி கேக்குது. அந்த ஆள் போயிட்டான். ஒயர்தாம்மா கோளாறு" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே நின்றார்.

நவமணி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. நான் இவருடைய இடது தோளை ஒட்டி நின்று, மெல்ல "வின்சென்ட்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கேட்டிருந்தால் ஆடிப்போயிருப்பார். கண் இமைகூட அசையவில்லை.

சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனேன். "உங்களுக்கு இடது காது கேக்கலங்க."

"சும்மா இரு" என்றார். பிறகு விரலால் வலது காதை அடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பேசினேன். என் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றார், விரலை எடுக்க வெகுநேரம் ஆனது. "ஃபேக்டரில மெஷின் எனக்கு எப்பவும் இடது பக்கம்தான்" என்றார் கடைசியில்.

நவமணி இல்லை. யாருமே இல்லை. நான் சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. எனக்குப் போன்தான் ஞாபகத்துக்கு வந்தது. போனை இவர் வலது காதில்தான் வைப்பார். அது எனக்குத் தெரியும்.

வெளியே மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தவர், ஏறாமல் நின்றார். "படுக்கையில நீ எந்தப் பக்கம் படுக்கிற?"

"இடது பக்கம்."

"சாப்பிடறப்ப?"

"இடது பக்கம்தான்."

தலையைக் குனிந்துகொண்டார். "நீ பக்கத்துல உக்காந்து எங்கூடப் பேசறதையே விட்டுட்டேன்னு நெனச்சேன் ரோசலின். எதுக்குக் கோபம்னு தெரியல. கேட்டா, என்னை வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயம். அதான் நானும் வாயத் தொறக்கல."

"பேசிக்கிட்டுத்தாங்க இருந்தேன். தினமும்."

"என்ன பேசின?"

நடுரோட்டில், அவ்வளவு ஆசையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அந்த ராத்திரி நான் கேட்டதை இப்போது எப்படித் திருப்பிச் சொல்வேன்?

"அரிசி தீந்து போச்சுன்னு சொன்னேன்" என்றேன்.

வீட்டில் அரை மூட்டை அரிசி இருந்தது. போகிற வழியில் இவர் மோட்டாரை நிறுத்திப் பத்துக் கிலோ பை ஒன்று வாங்கி வந்து என் மடியில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.