பதிலாள் வந்த புதன்கிழமை

ஒப்பந்தத்தின் ஏழாவது பத்தியை ரின்ஸ்கே ஆறு வருடத்தில் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. தன்னால் வர முடியாத நாளில், அதே திறமையுள்ள வேறொருவரை அவள் அனுப்பலாம், நிறுவனம் மறுக்காது. அவ்வளவுதான் அதில் இருந்தது. வர முடியாத நாள் என்று ஒன்று வந்ததே இல்லை. காய்ச்சல் கண்டபோதுகூட வீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

"அதுதான் பிரச்சினையே" என்றாள் லீஸ்பெத்.

எம்மலோர்ட் என்ற ஊரில் விதை உருளைக்கிழங்கு ஏற்றுமதி செய்யும் அந்த நிறுவனத்தில் ஆட்களைப் பார்த்துக்கொள்வது லீஸ்பெத்தின் பொறுப்பு. ரின்ஸ்கே அவளுடைய ஆட்களில் ஒருத்தி அல்ல. கிழங்கைத் தரம் பிரித்து, எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏற வேண்டும் என்று சொல்லும் மென்பொருளை எழுதியவள் அவள். சொந்தப் பெயரில் தொழில் பதிந்துகொண்டு, மாதம் ஒரு பில் அனுப்புகிறவள்.

"ஆறு வருஷமா வாரத்துல நாலு நாள் இங்கதான் இருக்கீங்க. அதே மேசை, அதே நாற்காலி. வரித்துறை ஆள் வந்து நின்னா, இவங்க வெளியாள்னு நான் எந்த வாயால சொல்றது?"

"நாற்காலிய வேணா மாத்திடுங்க."

லீஸ்பெத் சிரிக்கவில்லை. புது வருடத்திலிருந்து சட்டம் இறுகிவிட்டது. வெளியாள் என்று பெயர் வைத்து ஊழியரைப் போல நடத்தினால் நிறுவனத்துக்கு அபராதம். பெரிய நிறுவனங்கள் பயந்துபோய், தனியாகத் தொழில் செய்பவர்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. இந்த வேலை போனால் அடுத்தது கிடைக்காது என்று ரின்ஸ்கேவுக்குத் தெரியும். கிடைத்தாலும் அது சம்பள வேலையாகத்தான் இருக்கும்.

"ரெண்டு வழி இருக்கு" என்றாள் லீஸ்பெத். "ஒண்ணு, எங்க ஊழியரா சேர்ந்துடுங்க. நல்ல சம்பளம், ஓய்வூதியம், வருஷத்துக்கு இருபத்தஞ்சு நாள் லீவு."

"வேண்டாம். இன்னொண்ணு?"

"உங்களுக்குப் பதிலா ஒரு ஆள அனுப்புங்க. ஒரே ஒரு நாள். அன்னிக்கு நீங்க போன்கூட எடுக்கக் கூடாது. வேலை நடந்துச்சுன்னா, நாங்க வாங்கறது வேலையைத்தான், உங்கள இல்லன்னு கோப்புல எழுதி வச்சுடுவேன். நடக்கலன்னா, மார்ச்சோட உங்க ஒப்பந்தம் முடியும்."

"அதாவது, நான் இல்லாட்டியும் நடக்கும்னு காட்டினாத்தான் என்னை வச்சுப்பீங்க."

"வக்கீல் அப்படித்தான் சொல்றார்."

ஊழியராக இருப்பது என்னவென்று ரின்ஸ்கேவுக்குத் தெரியாததல்ல. ஸ்வாலேவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பதினேழு வருடம் இருந்தவள். அவள் அக்கா டியிட்ஸ்கே படுக்கையில் கிடந்த கடைசி வாரம், இரண்டு நாள் லீவு கேட்டாள். மேலாளர் கெட்டவர் அல்ல. அட்டவணையைப் பார்த்தார். ஏற்கெனவே மூன்று பேர் லீவில் இருந்தார்கள். வியாழன் போகலாம், வெள்ளி முடியாது என்றார். அக்கா வெள்ளிக்கிழமை மதியம் இறந்தாள். அடுத்த மாதம் ரின்ஸ்கே வேலையை விட்டாள். இனி ஒரு நாளுக்காக யாரிடமும் போய் நிற்பதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

அந்த வாரமே அவளை வெளியாளாக்கும் வேலை தொடங்கியது. மேசையிலிருந்து பெயர்ப்பலகை போயிற்று. நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரி போயிற்று. கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் பிறந்தநாள் அட்டவணையில் அவளுடைய அக்டோபர் ஒன்பதை வெள்ளை மையால் அழித்தார்கள். அதை முதலில் பார்த்தது கிடங்குப் பொறுப்பாளர் ஹார்ம்தான். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்த மனிதர், குரல் மட்டும் லாரி ஹாரன்.

"ஏம்மா, இனிமே உனக்குப் பிறந்தநாளே கிடையாதாமே?"

"கிடையாது. வயசும் ஏறாது."

"அப்ப கேக்கு?"

"ஊழியர் கொண்டுவந்தாத்தான் அது கேக்கு. நான் கொண்டுவந்தா லஞ்சம்."

"நாசமாப் போச்சு. அந்த ஆப்பிள் கேக்குக்காகத்தான் உன்னை இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டேன்."

பதிலாளாக லீவார்டனிலிருந்து வோபேவைக் கூப்பிட்டாள். அவனும் தனியாகத் தொழில் செய்கிறவன். முன்பு ஒரு துறைமுக வேலையில் இருவரும் சேர்ந்து இருந்தார்கள். நல்ல வேலைக்காரன், கொஞ்சம் அலட்சியம். அவனுக்காக அவள் நாற்பது பக்கம் குறிப்பு எழுதினாள். வோபே அதைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"இது மென்பொருளா, வேதாகமமா?"

"படிச்சுட்டு வா. முக்கியமா முப்பத்தொண்ணாம் பக்கம். தினமும் காலையில ஒரே எண்ணுல பல பெட்டி பதிவாகியிருக்கும். லாரி கிளம்பறதுக்குள்ள அதையெல்லாம் கையால பிரிக்கணும். அரை மணி நேரம் ஆகும்."

"ஏன் அப்படிப் பதிவாகுது?"

"ஆகுதுப்பா. கணிப்பொறிக்கும் எடைமேடைக்கும் ஆகாது. பிரிச்சா சரியாயிடும்."

புதன்கிழமை அல்ஜீரியாவுக்குப் போகும் சரக்கு. பதினான்கு லாரி, மதியம் மூன்று மணிக்குள் துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ரின்ஸ்கே வழக்கம்போல ஆறு மணிக்கு எழுந்தாள். காபி போட்டாள். மடிக்கணினியைத் திறக்கவில்லை. எங்கும் போகவும் தோன்றவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு போன் அடித்தது. ஹார்ம்.

எடுக்கக் கூடாது என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் அடிக்கிறார் என்றால் தலைபோகிற காரியம். என்னவாக இருக்கும் என்று அவளுக்கு மனதில் ஓடியது. முப்பத்தொன்றாம் பக்கம்தான். வோபே படித்திருக்க மாட்டான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு நிமிடத்தில் லாரிகள் நகரும். அவள் சொல்லி நகர்ந்தால் அவள் ஊழியர். நகராவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அவள் கை மேசைவரை போயிற்று. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாளியில் வெந்நீர் பிடித்தாள். தெருப் பக்கத்து ஜன்னல்களைத் துடைக்கத் தொடங்கினாள். மூன்றாவது ஜன்னலில் இருக்கும்போது போன் கடைசியாக ஒருமுறை அடித்தது.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பதினொன்று, பன்னிரண்டு, இரண்டு. வோபே ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அதுதான் அவளை அதிகம் குடைந்தது.

ஐந்தரைக்கு அவனே வந்து வாசலில் நின்றான். காலில் ரப்பர் பூட்ஸ், அதில் களிமண்.

"எல்லா லாரியும் போயிடுச்சு. சாப்பிட என்ன இருக்கு?"

பட்டாணி சூப்பைச் சூடாக்கி, கம்பு ரொட்டியோடு வைத்தாள். அவன் பாதிக் கிண்ணம் காலி செய்யும்வரை கேட்காமல் இருந்தாள்.

"ஹார்ம் மூணு தடவை அடிச்சார்."

"அடிக்காம என்ன பண்ணுவார்? நாலு லாரி நின்னுடுச்சு. தொண்ணூறு பெட்டி, எல்லாத்துக்கும் ஒரே எண்ணு. ஒம்பது, ஒம்பது, ஒம்பது."

"முப்பத்தொண்ணாம் பக்கம்."

"படிச்சேன். ஆனா தொண்ணூற யாரு பிரிச்சுக்கிட்டு இருப்பாங்க? கீழ போய் பெல்ட்டு பக்கத்துல நின்னேன். அங்க வேலை செய்யற அம்மாக்கள்கிட்ட, இந்த ஒம்பது எங்கிருந்து வருதுன்னு கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க." அவன் ரொட்டியைப் பிய்த்தான். "குளிர்கிடங்குல ஈரம் பட்டு, பெட்டில ஒட்டின சீட்டு அழிஞ்சுபோகுது. எண்ணு தெரியல. எண்ணு போடாம திரை நகராது. அதனால மூணு ஒம்பதத் தட்டி விடறாங்க. ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா?"

"'சீட்டு படிக்கல'ன்னு ஒரு பொத்தான் வச்சுக் கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை. அழுத்தினா புது எண்ணோட சீட்டு அச்சாகும். அந்தத் தொண்ணூறுக்கும் அவங்களே ஒட்டிட்டாங்க. அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அத நானும் கேட்டேன். மேல இருக்கற அம்மா காலையில சரி பண்ணிடுவாங்க, அவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னாங்க." வோபே அவளைப் பார்த்தான். "ஒரு நாளாவது கீழ இறங்கிப் போயிருக்கியா நீ?"

ரின்ஸ்கே இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள். தினம் அரை மணி நேரம், இரண்டு வருடம். மனக்கணக்கு போட ஆரம்பித்துப் பாதியில் விட்டாள். அந்த அரை மணி நேரத்தை வைத்துத்தான் அவள் தன்னைவிட்டால் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா செஞ்சிருக்க" என்றாள்.

"தெரியும்" என்றான் வோபே.

வெள்ளிக்கிழமை லீஸ்பெத் புது ஒப்பந்தத்தை நீட்டினாள். மணிக்கணக்கு இல்லை, இன்னின்ன வேலை இன்ன தேதிக்குள் என்று இருந்தது. எங்கே உட்கார்ந்து செய்வது என்பது அவள் இஷ்டம். ஏழாவது பத்தி அப்படியே இருந்தது. அதன் கீழே, இந்த உரிமை ஜனவரி மாதம் பயன்படுத்தப்பட்டது என்று ஒரு வரி சேர்ந்திருந்தது.

"வக்கீலுக்கு ரொம்பத் திருப்தி" என்றாள் லீஸ்பெத். "ஹார்முக்கும்தான். வோபே மறுபடி எப்ப வருவார்னு கேட்டுக்கிட்டே இருக்கார்."

"கேப்பார்."

"உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"இதத்தானே நான் கேட்டேன்."

பேனாவைத் திறந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மே மாசம் மூணு வாரம் நான் இருக்க…" மாட்டேன், பரவாயில்லையா என்று வாய்வரை வந்துவிட்டது. நிறுத்தினாள். "இருக்க மாட்டேன். வோபே வருவான்."

"யார் வருவாங்கன்னு எங்ககிட்ட சொல்ல வேண்டியதில்ல" என்றாள் லீஸ்பெத், திரையைப் பார்த்தபடியே. "வேலை தெரிஞ்ச ஆளா இருந்தா போதும்."

எங்கே போகிறாள் என்று அவள் கேட்கவில்லை. மூன்று வாரம் எதற்கு என்றும் கேட்கவில்லை. ரின்ஸ்கே ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டு, ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.