மாடிக்கு வந்த காயல்

நகராட்சி நீர்ப் பரிசோதகர் குடியிருந்த இரண்டாவது மாடி வீட்டுக்குக் காயல் வந்தது, மழையில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். படியேறி, கதவுக்கு அடியில் நுழைந்து, கணுக்கால் அளவுக்கு நின்றது. கீழ்வீட்டுக் கூரையைத் தடவிப் பார்த்து ஈரமில்லை என்று தெரிந்துகொண்ட வீட்டுச் சொந்தக்காரர், சேற்றுக்காலோடு படியிறங்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கடலோடு சேர்ந்து தண்ணீர் ஏறியது, இறங்கியது. ஏறும்போது கட்டிலுக்கு அடியில் மீன்குஞ்சுகள் திரிந்தன. இறங்கியபின் சமையலறையில் செத்த நண்டுகள் கிடந்தன. பள்ளிப் பேருந்து ஓட்டும் அவள் கணவர் கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்துவிட்டு வழக்கம்போல் வேலைக்குப் போனார்.

அது எதற்கு வந்தது என்று பரிசோதகருக்கு மட்டும் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில், கரைச்சேற்றில் கால்வைக்க அருவருத்து, காயல் நீர் எடுக்க வேண்டிய பாட்டிலை அலுவலகக் குழாயிலேயே நிரப்பினாள். ஏனென்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் அதுவே பழகிவிட்டது. சாயப்பட்டறைக் கழிவு கலந்த காயல், ஆண்டுக்கணக்காக அவள் கையெழுத்தில் சுத்தமாகவே இருந்தது. அங்கே இறால் பிடித்துக்கொண்டிருந்த நாத்தனார் கணவருக்குப் புண் புரையோடிக் காலை எடுத்தபோது, தண்ணீரால் வந்திருக்காது என்று ஆறுதல் சொன்னதும் அவள்தான். அந்த ஆறுதலை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சும்மா போகவில்லை. மருந்துக்கடைக்காரர் உப்பை அளக்கும் கருவி கொண்டுவந்தார். கீழ்வீட்டு மாட்டு டாக்டர் நண்டுகளை அறுத்துப் பார்த்தார். கணக்கு டீச்சரான நாத்தனார் ஏற்ற இறக்கத்தைச் சுவரில் கோடு போட்டுக் குறித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலையையும் கால்சட்டையையும் சுருட்டிக்கொண்டு கூடத்தில் நின்று விவாதித்தவர்கள், மழைக்காலம் முடிவதற்குள் காயல் ஆய்வுக் குழுவாகிவிட்டார்கள். வீடும் அவளுடையது, படிப்பும் அவளுடையது, அவளே தலைவியாக இருக்கட்டும் என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு உடம்பு கூசியது.

"நான் ஒருநாள்கூட காயலுக்குப் போனதில்ல. ஆபீஸ் குழாய்த் தண்ணியத்தான் பாட்டில்ல புடிச்சு அனுப்பினேன்" என்றாள்.

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாத்தனார் சுவர்க் கோட்டை விட்டு அண்ணி பக்கம் வந்தாள்.

"அதான் அது வந்துருக்கு. பாட்டில எடுங்க" என்றாள்.

அவள் குனிந்து, தன் வீட்டுக் கூடத்தில், முதல்முறையாகக் காயல் நீரை மொண்டாள். அந்தப் பாட்டில் பெரிய ஆய்வகத்துக்குப் போனது. சாயப்பட்டறையின் கழிவுக் குழாய் அடைக்கப்பட்டது. அவள் வேலை போனது. குழு வளர்ந்தது. தலைவியாக நாத்தனார் இருந்தாள்; பாட்டில் கழுவும் வேலையை இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அளவுகளைப் பற்றித் தவிர நாத்தனார் அவளிடம் வேறொன்றும் பேசியதில்லை.

பிற்பாடு நாத்தனார் கணவரும் ஊன்றுகோலோடு மாடியேறி வரத் தொடங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொள்வார். இவள் டீ கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொள்வார். கூட்டம் முடியும்வரை இவள் சுவரோரமாகவே நிற்பாள். காயல் தெளிந்துவிட்டது, ஆனால் திரும்பிப் போகவில்லை. போகுமா என்று இப்போது யாரும் கேட்பதுமில்லை. அந்தக் கட்டடத்துக்கு வாடகைக்கு வருகிறவர்களிடம் மாடியில் காயல் இருக்கிறது என்று சொன்னால், சரி என்கிறார்கள்; வண்டி நிறுத்த இடம் உண்டா என்றுதான் விசாரிக்கிறார்கள்.