அவசர வழியில் அம்மன்

1.

இந்தக் கதை தானாக வந்ததல்ல, என்னிடம் கேட்டு வாங்கியது. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு நூற்பாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளனாக இருக்கும் என் நண்பன் சூசைமுத்து போன் செய்தான்.

"தீத்தடுப்பு வாரம் வருதுப்பா. மைக்ல வாசிக்க ஒரு கதை எழுதிக் குடு. தீப் பிடிக்கணும், ஆனா ஒருத்தரும் சாகக் கூடாது. மொதலாளி கண்டிசனாச் சொல்லிட்டாரு."

இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

2.

முதல் தொடக்கம்: 'கழிவுப்பஞ்சு குடோனில் ஒரு பெண் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மின்விசிறியிலிருந்து ஒரு பொறி'

(அடித்துவிட்டேன். அங்கே மின்விசிறி உண்டா என்றே எனக்குத் தெரியாது. நேரில் பார்த்துவிட்டு எழுதலாம் என்று கிளம்பினேன். போகாமலே எழுதியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.)

3.

நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை. குடோனில் கூரை வரை பஞ்சு. பின்சுவரில் 'அவசர வழி' என்று சிவப்பு எழுத்து போட்ட கதவு. அந்தக் கதவுக்குக் குறுக்கே பலகை அடித்து, மாரியம்மன் படம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா. முன்னால் விளக்கு. பஞ்சுக்கு நடுவில், ஐயா, எரிகிற விளக்கு!



சூசைமுத்து ஒத்திகை மணியை அடித்தான். பெண்கள் சொல்லிக்கொடுத்தபடி அந்தக் கதவை நோக்கித்தான் ஓடினார்கள். கதவருகே நின்றார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கும்பிட்டார்கள். பிறகு திரும்பி, குடோன் முழுவதையும் கடந்து முன்வாசல் வழியாக வெளியே வந்தார்கள்.

"சூப்பர்," என்றான் சூசைமுத்து.*

விளக்கேற்றுவது அன்புக்கரசி. கதவை ஒட்டிய கடைசி மூலையில் அவருக்கு வேலை. அவரிடம் கேட்டேன்.

"நெசமாவே தீப் பிடிச்சா என்னக்கா செய்வீக?"

"பிடிக்காது சார். அதுக்குத்தான விளக்கே ஏத்துறோம்."

"பிடிச்சிருச்சுன்னு வைங்க. படத்த எடுத்துட்டு..."

"சாமியத் தள்ளிவிட்டு ஓடச் சொல்றீகளா? எம் மக பிரசவத்துக்கு வந்திருக்கா. இந்த நேரத்துல போயி..."

* படத்தை நீயாவது எடுத்து வேறு சுவரில் மாட்டக் கூடாதா என்று அவனைக் கேட்டேன். "எம் பேரு சூசைமுத்துப்பா. நான் அம்மன் படத்துல கை வச்சா ஊரு என்ன பேசும்?" சரி, மாதா படத்தை? "அது நான் மாட்டுனது."

4.

முடிவு ஒன்று: முன்வாசல் பக்கம் தீ. அன்புக்கரசி பின்கதவுக்கு ஓடுகிறார். நிற்கிறார். செருப்பைக் கழற்று

(முடியவில்லை.)

முடிவு இரண்டு: விளக்கு சாய்கிறது. இனி முன்வாசல்தான். ஆனால் நடுவில் அத்தனையும் பஞ்சு. பஞ்சில் தீ ஓடுகிற வேகத்துக்கு

(வேண்டாம். நான் பார்த்தேயிராத அந்த மகளின் முகம் வேறு வந்து தொலைக்கிறது.)

முடிவு மூன்று: அம்மனைத் தள்ளிவிட்டு, பலகையைப் பிடுங்கி எறிந்து, கதவைத் திறந்து வெளியே ஓடுகிறார். பிழைக்கிறார்! சந்தோஷம் தாங்காமல் போனில் அவருக்கே வாசித்துக் காட்டினேன்.

"கதை நல்லாருக்கு சார். ஆனா அது நானில்ல," என்றார். "நான் அப்பிடிச் செய்யமாட்டேன்."

சூசைமுத்து மூன்றாவது முடிவைத்தான் மைக்கில் வாசித்தான். பலமாகக் கைதட்டினார்களாம். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. கைதட்டி முடித்துப் போய் விளக்கேற்றினார்களாம்.



5.

ஆகவே இதற்கு முடிவு எழுத மாட்டேன். கதைக்குள் இன்னும் தீப் பிடிக்கவில்லை. விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். படங்களை எடுத்து முன்வாசல் சுவரில் மரியாதையாக மாட்டிவிட்டு, விளக்கை அணைத்து, அந்தப் பலகையைப் பிடுங்க ஓர் ஆள் வேண்டும். நான் லாயக்கில்லை. அன்று கதவருகே போனதும் என் கால்களும் தாமாகவே செருப்பைக் கழற்றிவிட்டன.

நீங்கள் போங்கள். செருப்போடு போங்கள். அன்புக்கரசி உள்ளேதான் இருக்கிறார்.