பால் பொங்கும்வரை

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் இயற்பியல் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் மனைவி. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் சமையலறையில் விழுந்தவள். இப்போது இயந்திரம்தான் அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, அவளாக மூச்சு எடுக்கிறாளா என்று பார்த்தால், மூளையில் உயிர் மிச்சமிருக்கிறதா என்பது தெரிந்துவிடும் என்றார் டாக்டர். வாத்தியார் பிடிகொடுக்கவே இல்லை.

வாழ்நாள் முழுக்கக் கல்லூரியில் குவாண்டம் நடத்தியவர். அணுவுக்குள்ளிருக்கும் துகள், நாம் அளந்து பார்க்கும்வரை இங்கேதான், அங்கேதான் என்று முடிவாவதில்லை. பார்ப்பது மனசு என்றால் உலகத்தை முடிவு செய்வதும் மனசுதானோ என்று சோற்றுத் தட்டின் முன்னாலும் ஆரம்பித்துவிடுவார். "அப்போ நீங்க பாக்கலேன்னா அடுப்புல பால் பொங்காதா?" என்பாள் அவள். அவள் விழுந்த அன்றைக்கும் பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாசனை கூடம்வரை வந்த பிறகுதான் அவர் எழுந்து போனார்.

என்ன படித்து என்ன, பயம் வந்தால் புத்தி குறுக்கு வழிதான் தேடும். பார்க்காதவரை அவள் இருக்கிறாள் என்றும் சொல்லலாம் அல்லவா? அதையே பிடித்துக்கொண்டு, அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "டெஸ்ட் பண்ணச் சொல்லிடலாம்ப்பா."

"பாக்காத வரைக்கும் எதுவும் முடிவாகாதும்மா."

அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "உள்ள அம்மாவுக்கு நெனவு கொஞ்சமாவது இருந்தா, அவங்களும் பாத்துட்டுத்தானேப்பா இருப்பாங்க? எங்க இந்த மனுஷன், ஆளையே காணோமேன்னு."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. பார்ப்பவன், பார்ப்பவன் என்று இத்தனை வருஷம் தொண்டை கிழியப் பாடம் நடத்தியவருக்கு, மனைவியும் பார்ப்பவள்தான் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. எழுந்து போய் டாக்டரிடம் சரி என்றார்.

"நீங்க வெளியவே இருங்க சார். பாக்கக் கஷ்டமா இருக்கும்."

"இல்ல டாக்டர். நான் பாக்கணும்."

குழாயைக் கழற்றினார்கள். இயந்திரத்தின் சத்தம் நின்றது. மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வாத்தியார் மனைவியின் கையைப் பிடித்துக் குனிந்து, "வந்துட்டேன்" என்றார். பிறகு நிமிர்ந்து, அவள் மார்பின் மேலிருந்த போர்வையையே, அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்பவரைப்போல, கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.