பதிவு செய்துகொண்டிருந்தார்கள்

லூபஸ் என்று தெரிந்தபோது உதயாவுக்கு இருபத்தாறு வயது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச்சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் அது. அவளுக்கு முதலில் விரல் மூட்டுகளில் வலியாக வந்தது, பிறகு கன்னங்களில் சிவந்த தடிப்பாக. நொய்டாவில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. ஜனக்புரியில், தில்லிக்கு வந்தும் தெற்கத்திப் பேச்சு மாறாத அம்மா சாந்தகுமாரியோடு வீடு. மாத்திரையைத் தவறவிடாமல், வெயிலில் அலையாமல், மெட்ரோவில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து, கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நோயோடு எப்படியோ ஒத்துப்போகப் பழகியிருந்தாள்.

அவளுக்கு வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் கோஸ்லாதான் அந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். லூபஸ் சீறி எழும் முன்பே அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். தூக்கம், நடை, இதயத்துடிப்பு எல்லாம் அதில் பதியும். மாதாமாதம் ரத்தமும் சிறுநீரும் கொடுக்க வேண்டும். “உங்களை மாதிரி எத்தனையோ பெண்களுக்கு நல்லது நடக்கும்” என்றார். உதயா யோசிக்கவே இல்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பட்டையைக் காட்டிப் பெருமைப்பட்டாள்.

அந்த வருடம் தீபாவளி முடிந்த கையோடு அசதி தொடங்கியது. தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. நவம்பரில் ரத்தம் கொடுக்கப் போனபோது, ஆராய்ச்சி வேலைகளைக் கவனித்துவந்த நேஹாவிடம் நேராகவே கேட்டாள்.

“என் டெஸ்ட்ல ஏதாவது வந்திருக்கா?”

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த நேஹா நிமிரவில்லை. “அதெல்லாம் ஸ்டடிக்குப் போகுது. நாங்க சொல்லக் கூடாது.”

டாக்டர் கோஸ்லாவிடம் போனாள். “தில்லிக் குளிர், புகை, ஆபீஸ் டென்ஷன். கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க” என்று அனுப்பிவிட்டார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய செருப்புக்குள் கால் நுழையவில்லை. அம்மாவின் தொளதொள செருப்பை மாட்டிக்கொண்டு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனாள். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே வெங்காய மூட்டைமேல் சரிந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் லூபஸ் சிறுநீரகத்துக்குள் புகுந்து நாளாகிவிட்டது என்று தெரிந்தது. ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றினார்கள். முகம் பூசணிக்காய் மாதிரி உப்பியது, முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. வேலை போயிற்று. சிறுநீரக டாக்டர் நல்ல மனிதர். அவள் தலையைத் தடவியபடி தயங்கித் தயங்கிச் சொன்னார். “போனது திரும்பாதும்மா. மிச்சத்தைக் காப்பாத்தலாம். இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா கதையே வேற.”

இந்த ஒரு வாக்கியத்தோடு உதயா ஒரு வருடத்துக்கு மேல் வாழ்ந்தாள். முன்னாடியே தெரிந்துகொள்ள நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று தன்னையே குடைந்துகொண்டாள். இன்னும் உரக்கக் கேட்டிருக்கலாமோ, வேறு டாக்டரிடம் போயிருக்கலாமோ என்றெல்லாம்.

அடுத்த வருடம் மே மாதத்தில் லூபஸ் நோயாளிகளுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள்; உதயா அம்மாவோடு போயிருந்தாள். கனாட் பிளேஸ் பக்கம் ஒரு ஹோட்டலில் குளுகுளு அறை, வாசலில் சமோசாவும் டீயும். ஆராய்ச்சியில் இருந்தவர்கள் பலர் பட்டையோடு வந்திருந்தார்கள். டாக்டர் கோஸ்லா மேடையேறி இந்தியில் பேசினார். ஆராய்ச்சி வெற்றி என்றார். திரையில் ஒரு வரைபடம் வந்தது. அக்டோபரில் கீழே கிடந்த சிவப்புப் புள்ளி நவம்பரில் ஏறி, டிசம்பரில் இன்னும் ஏறி, ஜனவரியில் உச்சிக்குப் போயிருந்தது.

“இது ஒரு இளம்பெண். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். சிறுநீரில் புரதம் எப்படிப் படிப்படியாக ஏறுகிறது பாருங்கள்! இந்த இடத்தில் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது மயங்கி விழுந்தார். நோய் சீறுவதற்கு இரண்டு மாதம் முன்பே நம் சோதனை காட்டிவிட்டது. எவ்வளவு அழகான வளைவு!”

சிலர் கைதட்டினார்கள். சாந்தகுமாரி மகளின் முழங்கையைப் பிடித்தாள்.

“ஏ பிள்ள, இது ஒன் கதைல்லா?”

உதயா திரையையே பார்த்தாள். அந்த நவம்பர்ப் புள்ளி. பஞ்சை அழுத்திக்கொண்டு நேஹா தலை குனிந்திருந்த நாள் அது. எழுந்து நின்றாள். நிற்கிறோம் என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது.

“டாக்டர் சாப், அந்தப் பொண்ணு நான்தான்.”

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரிக்க முயன்றார். “ஓ, உதயாஜி! நீங்க செய்தது பெரிய சேவை.”

“நவம்பர்ல உங்ககிட்ட வந்தேன். ரெஸ்ட் எடுங்கன்னீங்க. அப்ப இந்தப் புள்ளி உங்க கையில இருந்துதா, இல்லையா?”

“அது ஆராய்ச்சிக்கான சோதனை. நோயாளிக்கும் சொல்லக் கூடாது, சிகிச்சையையும் மாத்தக் கூடாதுன்னு விதி. மாத்திட்டா எது முன்கூட்டிக் காட்டிச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்? நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“அப்ப என் கிட்னி கெட்டுப்போறதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க.”

“பார்த்துக்கிட்டு இல்லை” என்று டாக்டர் பொறுமையாகத் திருத்தினார். “பதிவு செய்துகிட்டு இருந்தோம்.”

இத்தனை நாள் உதயா தன்னையே குடைந்துகொண்ட குடைச்சல் முழுவதும் ஒரே நொடியில் திசை மாறிவிட்டது. “உங்க பொண்ணா இருந்தாலும் பதிவுதான் செய்திருப்பீங்களா?” என்று கத்தினாள்.

“வா ளா, போலாம். இந்தச் சவத்துப் பயலுவ மூஞ்சில முழிக்காண்டாம்” என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். உத்தம் நகரிலிருந்து வந்த சுனிதா; இடுப்பில் குழந்தை. பட்டை கட்டிய கையைத் தூக்கி, “என்னோடது இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டாள். பக்கத்திலிருந்த சர்தார் ஒருவரும் எழுந்தார். “என்னோடது?” அதற்குப் பிறகு யார் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. பட்டை கட்டிய கைகள் எல்லாம் மேலே போயின. “மேரா? மேரா க்யா? என்னோடது என்ன?” என்று அறை முழுக்க ஒரே சத்தம். டாக்டர் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கக் கதவு வழியாக வெளியேறினார். சுவரோரம் நின்ற நேஹா உதயாவிடம் வந்து, “நான் சொன்னேன். ரெண்டு தடவை சார்கிட்ட சொன்னேன்” என்றாள். உதயா அவளைத் தாண்டி நடந்தாள். சாரிடம் சொன்னவள் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு எந்தப் பதிலும் அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்காது.

அந்த வாரமே உதயா, ஆராய்ச்சி நடந்த ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவில் புகார் கொடுத்தாள். நோயாளிகள் பலர் உடன் கையெழுத்திட்டார்கள். விசாரணை இழுத்தது. கடைசியில் குழு ‘வருத்தம்’ தெரிவித்தது. குற்றம் என்று யார்மேலும் சொல்லவில்லை. ஆனால் விதி மாறியது. சோதனை ஓர் அளவைத் தாண்டினால் உடனே நோயாளிக்கும் அவருடைய டாக்டருக்கும் சொல்ல வேண்டும். தன் புள்ளிகளைத் திரும்பக் கேட்டாள் உதயா. ஏற்கனவே சேகரித்ததைத் தர முடியாது என்றார்கள். டாக்டர் கோஸ்லாவின் கட்டுரை வெளிவந்தது. அந்த அழகான வளைவு அதில் இருந்தது. அவள் டாக்டரை மாற்றிக்கொண்டாள்.

விதி மாறிய முதல் மாதமே இரண்டு பேருக்கு அழைப்பு போனது. அதில் சுனிதாவும் ஒருத்தி. சரியான நேரத்தில் மருந்தை மாற்றினார்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் அவளே போன் செய்தாள். “தீதி, புரதம் இறங்கிடுச்சு. கிட்னி சுத்தமா இருக்காம். உங்களாலதான்.” பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.

“அச்சா, ரொம்ப சந்தோஷம்” என்றாள் உதயா. உண்மையிலேயே சந்தோஷம்தான். போனை வைத்ததும் அடுப்படியில் போய் நின்று ஆத்திரம் தாங்காமல் அழுதாள். ஒரு போன். நவம்பரில் அவர்கள் அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது.