மூன்றாவது வாணம்

ஜெரால்டு எங்கள் கடலோர ஊரான ஸ்கெல்பிக்கு வந்து பதினோரு வருடம்தான் ஆகிறது. லீட்ஸ் பக்கம் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த இரண்டாம் வருடமே ஸ்கெல்பி மரபுச் சங்கத்துக்குத் தலைவராகிவிட்டார். அந்த நாற்காலிக்கு வேறு யாரும் போட்டி போடவில்லை. பழைய படகுக் கொட்டகைச் சுவரில் மாட்டப்போகும் நினைவுப் பலகையின் வாசகத்தை ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"எழுத்துப்பிழை இருந்தா மட்டும் சொல்லுங்க தெல்மா. விஷயம் பூரா உங்ககிட்டருந்து எடுத்ததுதான்" என்றார்.

ஊர்ச் செய்திமடலை நான் முப்பத்தோரு வருடமாக நடத்துகிறேன். குப்பை வண்டி எந்தக் கிழமை வரும், யார் வீட்டுப் பூனையைக் காணோம், எந்தக் கடற்காகம் எவருடைய கையிலிருந்து எதைப் பிடுங்கியது, இவ்வளவுதான் என் பத்திரிகை. ஆகஸ்டு இதழில் மட்டும் வருடம் தவறாமல், 1972இல் எங்கள் மீட்புப் படகு கவிழ்ந்த கதையும் வரும். செத்த நாலு பேரில் ஒருவன் என் தம்பி கிளைவ். பத்தொன்பது வயது. அந்தக் கதையை எழுத என்னைவிட உரிமையுள்ளவர் யார் என்று ஊரே கேட்கும்.

ஜெரால்டு எழுதியதில் பிழையே இல்லை. நாலு பெயர்கள், காற்றின் வேகம், மணல்திட்டின் தூரம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசிப் பத்தி இது: 'படகின் மெக்கானிக் நெவில் ஸ்டாம்பர் கார்னிவல் குடியில் இருந்ததால் அழைப்புக்கு வரவில்லை. அவருடைய இடத்தில் பயிற்சியில்லாத கிளைவ் ஏறினார்.'

பேனாவைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். நான் அப்படித்தான். ஐம்பத்திரண்டு வருடமாக அப்படித்தான்.

நெவில் அன்றைக்குக் குடிக்கவில்லை. அவன் குடித்தது இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட தேநீர். போட்டுக்கொடுத்தது நான்.

அந்தக் காலத்தில் கடலில் ஆபத்து என்றால் படகுக் கொட்டகையிலிருந்து இரண்டு வாணம் விடுவார்கள். சத்தம் கேட்டதும் படகுக்காரர்கள் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். ஆகஸ்டில் கார்னிவல் ஊர்வலம் கிளம்பும்போது, மதியம் இரண்டு மணிக்கு, மூன்று வாணம். இரண்டு என்றால் கடல், மூன்று என்றால் கார்னிவல். எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும்.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே தூறல். பின் சந்தில் இருந்த மீன்வறுவல் கடையில் எனக்கு வேலை. முதலாளி இபட்சன், தகரத்தாள் சுற்றிய சூலத்தோடு கடல்ராஜா வேஷம் போட்டு ஊர்வல லாரியில் ஏறப் போய்விட்டார். மூன்று மணிக்குக் கடை திறக்கும்வரை அடுப்பில் கொழுப்பு உருகி நிற்கும்படி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நெவில் கவுண்டர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தான். நாலு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தது அன்றுதான். ஒரு விஷயம் கேட்கணும் என்று சொல்லிவிட்டு, கேட்காமல் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். எனக்கு அது என்ன விஷயம் என்று தெரியும். எந்தப் பெண்ணுக்குத்தான் தெரியாது?

அப்போது வாணம் வெடித்தது. பிறகு இன்னொன்று. இரண்டு பேரும் நிமிர்ந்து, மூன்றாவதுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. நெவில் எழுந்து கொக்கியில் தொங்கிய கோட்டில் கை வைத்தான்.

"உக்காரு. மூணாவது நமுத்துப்போச்சு, அவ்வளவுதான்" என்றேன்.

"இன்னும் நேரம் ஆகலையே?"

"அந்தக் கமிட்டிக்காரங்களுக்கு என்னிக்குக் கடிகாரம் பாக்கத் தெரிஞ்சுது? காலையிலேயே ஊத்திக்கிட்டிருப்பாங்க."

சிரித்தான். உட்கார்ந்தான். கேட்க வந்ததையும் ஒருவழியாகக் கேட்டான். சரி என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, மறுபடி வாணம் வெடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் சுத்தமாக வெடித்தன. நெவிலின் முகத்தில் அப்போது ஓடியதை எழுத என்னால் இன்றுவரை முடியவில்லை. கோட்டை எடுக்காமலே ஓடினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது, படகு இல்லை. அவனுக்காக ஆறு நிமிடம் காத்திருந்திருக்கிறார்கள். கயிறு பிடித்துப் படகை இறக்க வந்தவன் கிளைவ். நான் வரட்டுமா என்று கேட்டிருக்கிறான், ஏற்றிக்கொண்டார்கள். மணல்திட்டைத் தாண்டும்போது என்ஜின் நின்றது. தெரிந்த கை இருந்தால் இரண்டு நிமிட வேலை என்று விசாரணையில் சொன்னார்கள். ஏழு பேர் போனார்கள், மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் யாரைக் காப்பாற்றப் போனார்களோ அந்தப் பாய்மரப் படகு தானாகவே பக்கத்துத் துறைமுகத்தில் போய் ஒதுங்கியிருந்தது. அதிலிருந்த புருஷனும் பெண்டாட்டியும் ஓட்டலில் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரணையில் அதிகாரி நெவிலிடம் வாணச் சத்தம் கேட்டதா என்றார். கேட்டது என்றான். ஏன் போகவில்லை என்றதற்குப் பதில் இல்லை. குடித்திருந்தாயா என்றதற்கும் பதில் இல்லை. ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினான். என் அம்மா என் கையை நெரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அம்மாவின் கையுறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு ஊர் அவனை ஒதுக்கிவைத்தது. பாறை ஓரத்தில் நிறுத்தியிருந்த ஒரு வண்டிவீட்டில் தனியாக இருந்தான். ஊராரின் குளிர்ப்பெட்டியையும் சலவை இயந்திரத்தையும் பழுது பார்த்தான். வேலைக்குக் கூப்பிடுவார்களே தவிர ஒரு வாய்த் தேநீர் கொடுக்க மாட்டார்கள். ஒருமுறை தபால் நிலையத்தில் என் அம்மா அவனைப் பார்த்து, என் பிள்ளையைக் கொன்னவனே என்று வாய்விட்டுச் சொன்னாள். நான் பக்கத்தில் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன், நல்ல மனுஷன், போய்ச் சேர்ந்துவிட்டார். நெவில் யாரையும் செய்துகொள்ளவில்லை.

ஜெரால்டு வந்துபோன மறுநாள் முதியோர் இல்லத்துக்குப் போனேன். நெவிலுக்கு நுரையீரல் போய்விட்டது, மூக்கில் குழாய். இலையுதிர்காலம் தாண்டாது என்று சொல்லியிருந்தார்கள். ஜன்னல் வழியே படகுக் கொட்டகையின் கூரை தெரிந்தது. பலகையில் என்ன எழுதப் போகிறார்கள் என்று சொன்னேன். என் அம்மாவுக்காக நீ வாய் திறக்காமல் இருந்தாய், இனி நான் பேசுகிறேன் என்றேன். எத்தனையோ வருடம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள், அழகாகவே வந்தன.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "உங்கம்மா செத்து இருபத்தாறு வருஷமாச்சு, தெல்மா. சவ அடக்கம் முடிஞ்ச வாரம் நீ வருவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். கெட்டில்ல தண்ணிகூட ஊத்தி வெச்சிருந்தேன்."



"நான் செத்தப்புறம் மாத்திப் போட்டா எனக்கென்ன? நான் இருக்கறப்பவே மாத்தச் சொல்லு" என்றான். அவன் என்னிடம் கேட்ட இரண்டாவது விஷயம் அது.

அங்கிருந்து நேராக ஜெரால்டு வீட்டுக்குப் போனேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அந்த நல்ல குணம் அவரிடம் உண்டு. பிறகு அலமாரியிலிருந்து என் செய்திமடல்களின் தொகுப்பை எடுத்தார். முப்பது வருட இதழ்கள், வண்ணச் சீட்டு ஒட்டி அடுக்கி வைத்திருந்தார்.

"இருபத்தஞ்சாம் வருஷ நினைவு இதழ். 'கார்னிவல் உற்சாகத்தில் மெக்கானிக் அழைப்பைத் தவறவிட்டார்.' நீங்க எழுதினதுதானே? இது 2002. 'அன்று அவர்மேல் சாராய வாடை அடித்ததாகப் பலரும் சொல்வார்கள்.' இதுவும் நீங்கதான். விசாரணைப் பதிவுலயும் அவரு மறுக்கல. நான் எந்த ஆதாரத்தை வெச்சு மாத்தறது, சொல்லுங்க?"

நான் பொய் எழுதினேன் என்றேன். உற்சாகம் என்ற வார்த்தையைத் தேடிப்பிடித்துப் போட்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. யாரையும் நேராகக் குத்தாத வார்த்தை என்று நினைத்தேன். ஜெரால்டு என் தோளில் கை வைத்தார். துக்கம் மனுஷரை என்னென்னமோ நினைக்க வைக்கும், அதுவும் பழைய சிநேகிதர் சாகக் கிடக்கும்போது என்றார். பலகை அலுமினியத்தில் அச்சாகப் போய்விட்டதாம். அத்தோடு எனக்குத் தேநீர் போட எழுந்து போய்விட்டார்.

சரி, என் கையில் பத்திரிகை இருக்கிறதே. ஆகஸ்டு இதழின் முதல் பக்கம் முழுக்க எழுதினேன். குப்பை வண்டியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினேன். நெவில் குடிக்கவில்லை, அவன் எழுந்தான், மூன்றாவது வாணம் நமுத்துப்போனதாக நினைத்து அவனை உட்கார வைத்தவள் நான் என்று என் பெயர் போட்டு எழுதினேன். தொள்ளாயிரம் பிரதிகளையும் நானே வீடு வீடாகப் போட்டேன். யாராவது கல்லெறிவார்கள் என்று எதிர்பார்த்தேன். எறிந்தால் நிம்மதியாக இருக்கும் என்றுகூட இருந்தது.

எலுமிச்சை கேக் வந்தது. பக்கத்து வீட்டு ஷீலா கொண்டுவந்தாள். "உனக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு. சாகப்போற மனுஷனுக்காகப் பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்க யாருக்கு வரும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எழுதியது உண்மை என்றேன். ஆமா ஆமா என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். ரொட்டிக் கடையிலும் அதே பேச்சு. அன்று செத்த படகோட்டி ஒருவரின் பேரன் மட்டும் தெருவில் நிறுத்தி, அந்தக் குடிகாரனைக் கழுவிவிட வேற தண்ணி கிடைக்கலையா என்று கேட்டான். அவனும் நான் எழுதியதை நம்பவில்லை. எங்கள் ஊருக்கு ஒரு குடிகாரன் தேவையாக இருந்தான், ஐம்பது வருடமாக இருந்த ஒருவனை என் ஒரு பக்கத்துக்காக விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசில்லை.

கார்னிவல் சனிக்கிழமை காலை பலகை திறப்பு. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முன்வரிசை, துணியை இழுப்பது நான். இழுப்பதற்கு முன் ஜெரால்டு கையிலிருந்த மைக்கை வாங்கினேன். "இதுல கடைசிப் பத்தி பொய். நெவிலைப் போகவிடாம உக்கார வெச்சது நான்" என்றேன். எவரோ கை தட்டினார், அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். ஷீலா எழுந்து நின்று தட்டினாள். ஜெரால்டு என் கையைப் பிடித்து, கயிற்றின்மேல் வைத்து, தானே சேர்ந்து இழுத்தார். துணி விழுந்தது. கொட்டகைக் கூரையிலிருந்து மரியாதைக்காக இரண்டு வாணம் விட்டார்கள். அந்த வழக்கம் நின்றே பல வருடம் ஆகிறது, இதற்கென்று தனி அனுமதி வாங்கியிருந்தார்களாம்.

என்ன முகத்தோடு போவது என்று தெரியாமலே இல்லத்துக்குப் போனேன். வாசலில் கெல்லி நின்றுகொண்டிருந்தாள். நெவிலைக் கவனித்துக்கொள்ளும் பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். அழுதிருந்தாள்.

"நல்லாத்தான் படுத்திருந்தாரு. அந்த ரெண்டு வெடி கேட்டுச்சு பாருங்க, குழாயைப் பிடுங்கிப் போட்டுட்டு எந்திரிச்சுட்டாரு. கோட்டு எங்க, கோட்டு எங்கங்கறாரு. அவரால நிக்கவே முடியாதே. சும்மா விழாவுக்குப் போடறாங்க, உக்காருங்கன்னு பிடிச்சு உக்கார வெச்சேன்."

"உக்காந்தானா?"

"உக்காந்தாரு. ஜன்னலையே பாத்துக்கிட்டு, இன்னும் எதுக்கோ காத்துக்கிட்டிருந்த மாதிரி இருந்தாரு. நான் டாக்டரைக் கூப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ தெரியாமச் சொன்னே, கண்ணு. உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

அவனுடைய கோட்டு அறைக் கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னபோது கெல்லிக்கு எதுவும் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரியும். மீன்வறுவல் கடையில் கடிகாரம் அவன் தலைக்கு மேலே, எனக்கு நேர் எதிரே மாட்டியிருந்தது. முதல் வாணம் வெடித்தபோது இரண்டு மணிக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. செய்திமடலில் அதை நான் எழுதவில்லை.