நான்கு பைட்

“‘முடியாது’ன்னு போடு. அதோட முற்றுப்புள்ளி,” என்றாள் ரோவினா, படுக்கையில் கிடந்தபடி.

அவள் கணவன் டெஸ்மண்ட் இரண்டு விரல்களால் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தான். ஹோபார்ட் துறைமுகத்தில் முப்பது வருடம் படகு ஓட்டிய கை அது.

“கொஞ்சம் பதமா சொல்லலாமே, ரோ. பாவம், சின்னப் பையன்.”

“கைரனுக்கு நாப்பத்தொரு வயசு. மூணு பிள்ளைக்கு அப்பன். நீ அடி.”

அவள் சாப்பிட்டு மூன்று நாளாகிவிட்டது. இன்றோ நாளையோ என்று செவிலி காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எத்தனையோ கணினிகளுக்கு அடித்தளமாக ஓடும் கெர்னலில் ஒரு சின்னப் பகுதி பத்தொன்பது வருடமாக ரோவினாவின் பொறுப்பு. அதில், கூட வேலை செய்யும் கைரன் ஒரு மாற்றம் கொண்டுவந்திருந்தான். வேகம் கூடியது. ஆனால் கெர்னல் கொடுக்கும் எண்கள் நினைவகத்தில் நான்கு பைட் தள்ளிப்போய் உட்கார்ந்தன. பழைய நிரல்கள் பழைய இடத்திலேயே தேடின. ஆற்றில் வெள்ளம் ஏறுவதைச் சொல்லும் பெட்டி ஒன்று, சோதனையில், எவ்வளவு தண்ணீர் வந்தாலும் பூஜ்யம் என்றே காட்டியது.

“நிரல எழுதினவங்க திருத்திக்கட்டும்கறானே?”

“எழுதினவர் செத்துப்போயிட்டார். மூல நிரல் யார்கிட்டயும் இல்ல. நேத்து ஓடினது இன்னைக்கு ஓடலன்னா தப்பு நம்ம மேல. அத எழுது.”

எழுதி, வாசித்துக் காட்டினான். அவள் கண்ணைத் திறந்தாள்.

“‘உன் மேல’ன்னா போட்ட? ‘நம்ம மேல’ன்னு மாத்து.”

மாற்றினான். மடல் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பதினொன்றே காலுக்கு ஒரு மூச்சு வந்தது, அடுத்தது வரவில்லை. டெஸ்மண்ட் அவள் கையைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

பிற்பகல் இரண்டரை மணிக்கு, உடலை எடுத்துப்போக வந்த இருவரும் வாசலில் நிற்கும்போது மடிக்கணினி மணியடித்தது. கைரன். ‘இந்த ஒரு தடவை விட்டுடலாம், ரோவினா. பெட்டி வச்சிருக்கறவங்க பழைய கெர்னலையே வச்சுக்கட்டும். மூணு மணிக்குள்ள பதில் வரலன்னா சம்மதம்னு எடுத்துக்கறேன்.’

“ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்க,” என்றான் டெஸ்மண்ட்.

“அவசரமே இல்ல சார்,” என்றார் இருவரில் பெரியவர்.

சாப்பாட்டு மேசையில் பத்தொன்பது வருடம் கேட்டது அவனுக்குள் எங்கோ தங்கியிருந்தது. ‘அந்தப் பெட்டிக்குப் புதுக் கெர்னல் தானாகவே வந்து இறங்கும்,’ என்று அடித்தான். ‘பழையதைப் பிடித்து வைக்க அங்கே ஆள் கிடையாது. ஆற்றோரம் ஆட்கள் இருக்கிறார்கள். சம்மதமில்லை.’ அடுத்து, அவள் இன்று இறந்துவிட்டாள் என்று எழுதினான். அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இரக்கத்தில் ஜெயிப்பது அவளுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். ‘ரோவினாவுக்காக, டெஸ்மண்ட்’ என்று முடித்து அனுப்பினான்.

மூன்றுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது.

‘சரிதான். மாத்தத்த எடுத்துட்டேன். அவங்ககிட்ட சொல்லிடுங்க.’

டெஸ்மண்ட் எழுந்து படுக்கையறைக்குப் போனான். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பெரியவர் மற்றவரைப் பார்த்தார். இருவரும் மடக்கிய ஸ்ட்ரெச்சரைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்கள்.